காட்டில் நடக்கும்போது மரங்கள் விடும் வாசனைக் காற்றைச் சுவாசித்தால் உடம்புக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

கேட்டவர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், பினாங்கில் இருக்கிறார், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மரக்காற்று புற்றுநோயையே விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, காட்டுக்குள் நடந்தால் மாத்திரையே தேவைப்படாது என்கிறாராம்.

நானும் பினாங்கில், தண்ணீர்மலைப் பக்கம் குடியிருப்பவள், இங்குள்ள பொட்டானிக்கல் கார்டனில் காலையில் நடப்பவள். பலன் உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. அதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

மரம் இந்த வாசனையை நமக்காக விடுவதில்லை. பூச்சியும் பூஞ்சையும் தன்னை அண்டாமல் இருக்கவும், வெயில் சூட்டைத் தாங்கவும் இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் எளிதில் ஆவியாகும் பொருள்களை வெளியிடுகிறது. ஆல்ஃபா பைனீன், லிமோனீன், கேம்ஃபீன் எல்லாம் இந்த வகை. ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது மூக்கில் ஏறுவது இந்த லிமோனீன்தான். மூச்சோடு உள்ளே போகும் ஆல்ஃபா பைனீனில் ஒரு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இன்னொரு வழி மூக்கு. வாசனை நரம்பு, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிக்கு நேரே போகிறது.

உடம்பில் என்ன நடக்கிறது என்று அதிகம் ஆராய்ந்தவர்கள் ஜப்பானியர்கள். தோக்கியோ மருத்துவர் சிங் லி 2005இல் அலுவலக வேலை பார்க்கும் 12 ஆண்களை ஈயாமா காட்டுக்கு மூன்று நாள் அழைத்துப் போனார். திரும்பும்போது அவர்கள் இரத்தத்தில் என்.கே. செல்களின் செயல்பாடு கூடியிருந்தது. கிருமி புகுந்த செல்லையும் புற்றுசெல்லையும் தாக்கும் வெள்ளணு வகை அது. பிறகு இதேபோல் நகரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போய்ப் பார்த்தபோது அப்படிக் கூடவில்லை.

சரி, அது நடையால் வந்ததா, ஓய்வால் வந்ததா, காற்றால் வந்ததா? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இன்னொரு சோதனை செய்தார்கள், 2009இல் வெளியானது. காடே இல்லை. நகரத்து ஹோட்டல் அறையில் 12 ஆண்களை மூன்று இரவு தங்க வைத்து, ஹினோகி என்ற ஜப்பானிய மரத்து எண்ணெயை ஆவியாக அறையில் பரவவிட்டார்கள். என்.கே. செயல்பாடு கூடியது, பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் சிறுநீரில் குறைந்தது. காற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நம்புவது இந்தச் சோதனையால்தான். ஆனாலும் வெறும் 12 பேர். ஒரு செல் சுறுசுறுப்பானால் நோய் குணமாகிவிட்டது என்று ஆகிவிடாது. இந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் செய்தி புகுந்து விளையாடுகிறது.

அப்பாவுக்கு அதிகம் உதவக்கூடியது வேறொரு ஆய்வு, 2010இல் வந்தது. ஜப்பானின் 24 காடுகளில் 280 பேரை வைத்து, காட்டிலும் நகரத்திலும் அளந்து பார்த்தார்கள். காட்டில் கார்ட்டிசோல் (மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்), நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றுமே குறைவாக இருந்தன. இரத்த அழுத்தம் குறைந்தது கொஞ்சம்தான்.

நம் ஊர் மரங்கள் வேறு. ஹினோகி ஊசியிலை மரம். இங்கே பினாங்கு மலையில் ஏறினால் செராயா மரம் நிற்கிறது (1884இல் தொடங்கிய பொட்டானிக்கல் கார்டனை முதலில் பார்த்துக்கொண்ட சார்லஸ் கர்ட்டிஸ் பெயரைத்தான் தாவரவியலில் அதற்கு வைத்திருக்கிறார்கள்). பட்டை வெடித்த இடத்தில் பிசின் வழிந்து மங்கிய மஞ்சளில் இறுகியிருக்கும். மலாய்க்காரர்கள் டாமார் என்பார்கள். கீழே உதிர்ந்த துண்டை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள், பூஜை அறையில் குங்கிலியம் போட்டாற்போல் இருக்கும். குங்கிலிய மரமும் இதே குடும்பம்தான். ஆனால் வெப்பமண்டலக் காடு பெரும்பாலும் விடுவது ஐசோப்ரீன் என்ற இன்னொரு ஆவி, அதற்கு இந்த மணம் கிடையாது. ஆகவே ஜப்பான் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. அதேபோல மழை விட்டதும் தூக்கும் மண்வாசனையில் பெரும்பங்கு மண்ணில் வாழும் பாக்டீரியா செய்யும் ஜியோஸ்மின், மரத்தினுடையது அல்ல.

வாசனை எண்ணெய் வாங்கி வீட்டில் புகைய விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். பைனீன் அளவு மீறினால் மூச்சுக்குழாயை எரிக்கும். மர அறுவை ஆலைத் தொழிலாளிகளுக்கு அந்தத் தொல்லை உண்டு. ஆஸ்துமா இருந்தால் இன்னும் மோசம்.

காலையில் காற்று அசையாமல் இருக்கும்போது, மரங்களுக்கு அடியில் இந்த ஆவி தங்கியிருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. அப்போது போகச் சொல்லுங்கள். பொட்டானிக்கல் கார்டன் வாசலிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப் பாதை செங்குத்தானது, இரத்த அழுத்தக்காரர் டாக்டரைக் கேட்காமல் அதில் ஏற வேண்டாம். நாகலிங்க மரங்களைத் தாண்டி லில்லிக் குளம் வரை மெதுவாக நடந்து, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலே போதும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு நடையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.