அழுகையும் ஸ்தோத்திரமும்

கேள்வி: அம்மா குணமாக வேண்டும் என்று குடும்பமாக உபவாசமிருந்து ஜெபித்தோம். ஆனாலும் அம்மா இறந்துவிட்டார். "இதற்கும் ஆண்டவருக்கு நன்றி சொல், எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யத்தானே வசனம்" என்கிறார்கள் சபையில். வாய் சொல்கிறது, மனசு ஒட்டவே இல்லை. நான் மாய்மாலம் செய்கிறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அம்மா இறந்ததற்காக நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றுதான் பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:26). சத்துரு வந்து போனதற்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. அதற்கு முந்தைய அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். தங்களில் சிலரை மரணத்தில் இழந்து கலங்கியிருந்த சபைக்கு எழுதப்பட்ட நிருபம் அது. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் சாவு விழுந்தவர்களிடம் 4-ம் அதிகாரத்தை விட்டுவிட்டு 5-ம் அதிகாரத்தை மட்டும் நீட்டுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இயேசுவின் நண்பர் லாசரு இறந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவரை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். சில வசனங்கள் தள்ளி, கல்லறைக்கு முன்னால் நின்று, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார் (யோவான் 11:41). அவர் நன்றி சொன்னது சாவுக்காக அல்ல, தமக்குச் செவிகொடுக்கும் பிதாவுக்கு. கன்னத்தில் கண்ணீர் காயும் முன்பே வந்த அந்த ஸ்தோத்திரத்தை யார் மாய்மாலம் என்பார்கள்?

'லாசரு எழுந்து வந்தார், என் அம்மா வரவில்லையே' என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். அதை ஆண்டவரிடமே கேளுங்கள். 13-ம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்ட பிறகுதான் பாட்டுக்கு வருகிறார். 88-ம் சங்கீதம் அங்கேயும் வராமல் இருளிலேயே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் நமக்கு வேதமாகத் தந்திருக்கிறார்கள். இப்போதைக்கு உங்கள் ஜெபம் 88-ம் சங்கீதம் மாதிரி இருந்தால், அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், மெதுவாக, பெயர் சொல்லி நன்றி சொல்லப் பழகுங்கள். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லும்போது மனசுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. 136-ம் சங்கீதத்தின் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. ஆனால் பெரும்பாலானவை குறிப்பான ஒன்றைச் சொல்கின்றன: சூரியன், சந்திரன், பிளந்த சமுத்திரம், கடைசியில் எல்லா உயிருக்கும் கிடைக்கும் ஆகாரம். நீங்களும் அம்மாவை வைத்தே தொடங்கலாமே. அவர் கற்றுக்கொடுத்த முதல் ஜெபம், உங்களைத் திட்டிய குரல், கடைசி நாட்களில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். கண்ணீர் வந்தால் நிறுத்த வேண்டாம். சபையில் மறுபடி யாராவது கேட்டால், அம்மாவைத் தந்ததற்கு நன்றி சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை.

இன்னொன்று. லேவியராகமம் 7-ம் அதிகாரத்தில், நன்றி சொல்லிச் செலுத்தும் ஸ்தோத்திரபலிக்கு ஒரு விதி உண்டு. பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக்கூடாது. ஒரு மாட்டையோ ஆட்டையோ ஒரு வீடு ஒரே நாளில் எப்படித் தின்று முடிக்கும்? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். எபிரெயர் 13-ம் அதிகாரமும் உதடுகளின் ஸ்தோத்திரபலியைச் சொன்ன கையோடு, நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்கிறது. வாயில் வார்த்தை வராத நாட்களில் கையால் நன்றி சொல்லலாம். நோயாளித் தாயை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உங்கள் சபையிலேயே இருக்கக்கூடும். அவருடைய களைப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு இரவு அவரைத் தூங்க அனுப்பிவிட்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.