300 பிளானில் 94 மட்டும் வருவது ஏன்?

கேள்வி: வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வைஃபையில் செல்போன் 280 காட்டுகிறது. கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94-ஐத் தாண்டவில்லை. அதிலிருந்து மாடியில் உள்ள கம்ப்யூட்டருக்கு வீடியோ அனுப்பினால் நொடிக்கு 11 எம்பிதான். 500 பிளானுக்கு மாறலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மாற வேண்டாம், காசுதான் வீண். மாடிக்குப் போகும் ஃபைல் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. பிளானின் வேகம் அதைத் தொடாது.

உங்கள் 94-ம் 11-ம் ஒரே வேகம்தான். ஸ்பீடு டெஸ்ட் பிட்டில் சொல்கிறது, காப்பி விண்டோ பைட்டில் சொல்கிறது. 8 பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பாக்கெட்டுகளின் (தகவல் பிரிந்து போகும் சிறு துண்டுகள்) தலைப்புத் தகவல் போன்றவற்றுக்கே 6 சதவீதம் போய்விடும், மிஞ்சுவது 94. ஆக, உங்கள் கேபிள் வழி 100-ல் நிற்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் 'லிங்க் ஸ்பீடு' பாருங்கள்: 100/100 என்றிருக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். அதற்குள் எட்டு கம்பிகள். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும், அதில் கிரிம்ப் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது) சரியாக விழாவிட்டாலும் இரு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், நெட்டும் வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் என்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். விலை குறைவென்று அதை வாங்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேட் 5இ பேட்ச் கார்டால் (இரு முனையிலும் பிளக் பொருத்திய, ஜிகாபிட் தாங்கும் சிறு கேபிள்) கம்ப்யூட்டரை நேராக ரவுட்டரில் செருகிப் பாருங்கள். 1000/1000 வந்தால் சுவர்க் கேபிளின் இரு முனையையும் புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரிய வேண்டும்.

அப்போதும் 100 என்றால் வேறு போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள்; சில மோடங்களில் நான்கில் ஒன்றுதான் ஜிகாபிட். யுஎஸ்பியில் செருகி நெட் கேபிள் போடும் மலிவான லேன் டாங்கிளும் 100-ல் நிற்கும்.

மாடிக் கம்ப்யூட்டரும் ஜிகாபிட் கேபிளில் இருந்து, இரண்டிலும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் காப்பி வேகம் 110 எம்பியைத் தொடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே சேனலில் இரு முறை போக வேண்டும், வேகம் பாதியாகும். ஒன்றையாவது கேபிளில் வையுங்கள்.