கல்விக்குழுவில் மாணவர் பிரதிநிதி: பேசியது பதிவாக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு மாணவர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலத்தை 15 நாள்களிலிருந்து 7 நாள்களாகக் குறைப்பதை எதிர்த்துப் பேசினேன். ஆனால், அது ஒருமனதாக நிறைவேறியதாகக் கூட்டக் குறிப்பின் வரைவு சொல்கிறது. முன்னாள் மாணவர் தலைவர் ஒருவர், நிர்வாகத்திடம் தனியாகப் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: வாக்குரிமையுள்ள உறுப்பினராக நியமிக்கப்பட்டிருக்கிறீர்களா, சிறப்பு அழைப்பாளராகவா என்பதை நியமன ஆணையிலும் பல்கலைக்கழகச் சட்டவிதிகளிலும் முதலில் பாருங்கள். உறுப்பினர் என்றால், உங்கள் எதிர்ப்பைக் குறிப்பில் சேர்க்கக் கோருவது சலுகை அல்ல, உங்கள் உரிமை. வரைவுக் குறிப்பு அடுத்த கூட்டத்தில்தான் உறுதிசெய்யப்படும் என்பதால், அதற்கு முன்பே பதிவாளருக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிவிடுங்கள். நீண்ட மனு வேண்டாம். “காலக்கெடுவைக் குறைப்பதற்கு மாணவர் பிரதிநிதி எதிர்ப்புத் தெரிவித்தார், விடைத்தாள் நகல் கைக்கு வரவே 7 நாள்களுக்கு மேல் ஆவதைக் காரணமாகக் கூறினார்” என்று, குறிப்பில் அப்படியே சேர்க்கக்கூடிய வாசகமாகக் கொடுங்கள்.

நீங்கள் பேசிய நேரத்தில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் துணைக்குழுவிலேயே தீர்மானமாகி, கல்விக்குழுவுக்கு ஒப்புதலுக்காக மட்டுமே வருகின்றன. கட்டுக்கட்டான நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு முந்தைய மாலையில் அனுப்பிவிட்டு, மாணவர்கள் படித்துவிட்டு வருவதில்லை என்று குறைசொல்லும் வழக்கம் இன்னும் எத்தனை காலத்துக்குத் தொடரப்போகிறதோ! துணைக்குழுவில் இடம் கேளுங்கள். கிடைக்கும்வரை, உங்கள் பொருளை நிரலில் சேர்க்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

அந்த முன்னாள் தலைவரைப் பற்றி நீங்கள் கேட்காமலிருந்தாலும் எச்சரித்திருப்பேன். இத்தகையவர்கள் முதலில் வெற்றுத்தாளில் மாணவர்களின் கையொப்பம் வாங்குவார்கள். பிறகு போக்குவரத்துச் செலவென்று பணம் திரட்டுவார்கள். கடைசியில், ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாய்வார்த்தையை வாங்கிவந்து, அதற்கு ஈடாக உங்கள் எழுத்துப்பூர்வக் கோரிக்கையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். வாய்வார்த்தை எந்தக் குறிப்பிலும் ஏறாது. உங்கள் கடிதம் மறைந்துபோனால், அப்படியொரு எதிர்ப்பு எழுந்ததற்கே சான்று இராது. அவரோடு சண்டையும் வேண்டாம், அவரிடம் ஒரு தாளும் வேண்டாம்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். தனி மாணவரின் மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை, ஆசிரியர் நியமனம் போன்றவை விவாதத்துக்கு வரும்போது, மாணவர் பிரதிநிதியை வெளியே இருக்கச் சொல்வது பல இடங்களில் விதிப்படியே நடக்கிறது. மாணவர்களுக்கு வாக்குரிமை தருவதிலும் எல்லை வகுக்கப்பட்டதுண்டு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1973-இல், மாணவர் பங்கேற்பை அடியோடு மறுக்காமல், கற்பித்தல் சார்ந்த முடிவுகளில் பேராசிரியர்களுக்குப் பாதி வாக்கும், ஆராய்ச்சி, நியமனம் ஆகியவற்றில் அதைவிடக் கூடுதலான செல்வாக்கும் இருக்க வேண்டும் என்றது. ஆனால், இந்த விலக்கைக் காட்டி மறுமதிப்பீடு போன்ற பொதுவிதியிலிருந்தும் உங்களை விலக்க முயன்றால் எழுந்துபோகாதீர்கள். அது எவருடைய தனிப்பட்ட விவகாரமும் அல்ல. எந்த விதியின்படி வெளியேறச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்த விதியின் எண்ணைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் முந்தைய குறிப்பை உறுதிசெய்தல்தான். தாமதமாகப் போனால் அது முடிந்திருக்கும். திருத்தக் கடிதத்தின் நகலோடு நேரத்துக்கு முன்பே போய் அமருங்கள்.