ஸ்டிக்கரை விடுங்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள்: கணினி வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். 50,000 ரூபாய்க்குள் லேப்டாப் வாங்கலாம் என்றிருந்தேன். கடையில் ‘இன்ஜினியரிங் என்றால் கேமிங் லேப்டாப்தான் வேண்டும், நாலு வருஷம் தாங்க வேண்டாமா?’ என்று 85,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். இ.எம்.ஐ. போட்டு வாங்கிவிடலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். ஒவ்வொரு ஜூலை, ஆகஸ்டிலும் இதே கேள்வி எனக்கு வருகிறது. பிள்ளைக்கு சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் பெற்றோரிடம் 35,000 ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுவது சுலபம் என்று விற்பவர்களுக்குத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

உங்கள் மகள் என்ன செய்யப் போகிறாள்? முதல் இரண்டு வருடம் சி, பைத்தான், ஜாவா. அப்புறம் டேட்டாபேஸ், ஒரு வெப்சைட், கடைசி வருடம் ஒரு புராஜெக்ட். இவை எதற்கும் கேமிங் லேப்டாப்பில் இருக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு (படங்களை வேகமாக வரைந்து காட்டும் பாகம்) தேவையில்லை. மெஷின் லேர்னிங் புராஜெக்ட் எடுத்தாலும் நம் புரோகிராமை கூகுளின் கணினியில் ஓட்டித் தரும் கூகுள் கோலாப் போன்ற இலவச வசதியில் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கேமிங் லேப்டாப்பின் பாரத்தையும் நினைத்துப் பாருங்கள். சார்ஜரோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளை அதைத் தினமும் முதுகில் சுமக்க வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், வகுப்பில் பிளக் பாயின்ட் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மகள் மெக்கானிக்கல் சேர்ந்திருந்தாலோ, சிவில், ஆர்க்கிடெக்சர் என்றாலோ என் பதில் வேறு. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவற்றில் பெரிய முப்பரிமாண வரைபடங்களைத் திருப்பிப் பார்க்கத் தனி கிராபிக்ஸ் கார்டு நிஜமாகவே உதவும். அப்போதும்கூட இரண்டாம் வருடம் வரை பொறுத்து, துறை ஆசிரியரிடம் எந்த மென்பொருள் வரும் என்று கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது.

இனி உங்கள் 50,000 ரூபாய்க்கு வருவோம். லேப்டாப்பின் மூளை அதன் சிப். கடைக்காரர் ‘இன்டெல் ஐ5 சிப்’ என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். ஐ5 என்பது வீட்டுப் பெயர் மாதிரி, அதற்குள் அண்ணன் தம்பி நிறையப் பேர் இருக்கிறார்கள். ‘முழு நம்பர் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஐ5-1235யூ, ஐ5-12450ஹெச் இரண்டும் 12-ஆம் தலைமுறைதான். கடைசியில் ‘யூ’ இருந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிப், பேட்டரி நின்று பேசும். ‘ஹெச்’ இருந்தால் வேகம் கூடும், சூடும் கூடும். 2023-க்குப் பிறகு இன்டெல் புதிய சிப்புகளில் அந்த ‘ஐ’ எழுத்தையே எடுத்துவிட்டு ‘கோர் 5’, ‘கோர் அல்ட்ரா 5’ என்று பெயர் வைக்கத் தொடங்கியது. அதனால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் சிப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பத்து எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் சிப்பின் உள்கட்டமைப்பைச் சொல்லும். 7520யூ-வில் அது 2. அதாவது 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு, நான்கு கோர் (சிப்புக்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்). 7530யூ-வில் அது 3, ஆறு கோர். முதலாவதில் ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி) போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

ரேம் 16 ஜி.பி. இருந்தால் நான்கு வருடம் கவலையில்லை. ‘இப்போது 8 வாங்கிவிட்டு அப்புறம் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்’ என்று முன்பு நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரி எடுத்துக்கொள்வதால் 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் கடைகளில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் 16 ஜி.பி. உள்ளதாகவே உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் அதுதான் லாபம். கிடைக்காவிட்டால் 8 ஜி.பி.யோடு காலி ஸ்லாட் ஒன்று இருக்கிறதா என்று கேட்டு, அதை பில்லிலோ கம்பெனி இணையதளத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்டோரேஜ் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். ‘இ.எம்.எம்.சி.’ என்று எழுதியிருந்தால் வேண்டாம், அது மெமரி கார்டு ரகம். திரை 1920-க்கு 1080, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகையாக இருக்கட்டும். அதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கடையில் லேப்டாப்பைத் திறந்து ஒரு முகத்தின் படத்தைப் போட்டுவிட்டு, பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள். முகம் கறுத்தோ நிறம் மாறியோ தெரிந்தால் அந்தத் திரையை நாலு வருடம் பார்த்துப் படிக்கப்போகிற கண்கள் பாவம்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று சொல்வார்கள். கிரெடிட் கார்டில் போட்டால் புராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் அது குறையும்.

இன்னொன்று. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கி, நடுவில் சில வருடம் நின்றுபோய், மறுபடி கல்லூரி மாணவர்களுக்காக வந்திருக்கிறது. மகளின் கல்லூரிக்கு அது பொருந்துமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஜூம் வகுப்பு, வினாத்தாள் டைப் செய்வது, கொஞ்சம் யூடியூப், அவ்வளவுதான் வேலை. 20,000 ரூபாய்தான் இருக்கிறது. புதிதாக மலிவு லேப்டாப் வாங்கவா, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் வாங்கவா? (வாசகி, சென்னை அம்பத்தூர்)

பதில்: உங்கள் வேலைக்கு நான் செகண்ட் ஹேண்ட் பக்கம்தான் நிற்பேன். அந்த விலைக்குப் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் 4 ஜி.பி. ரேமும் இ.எம்.எம்.சி.யும் உள்ளவை. ஜூமையும் குரோமையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சுத் திணறும்.

ஐ.டி. கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் லேப்டாப்கள்தான் இந்தச் சந்தையின் நல்ல சரக்கு. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, ஹெச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் 2018-இல் வந்தவை. அலுவலக உழைப்புக்காகச் செய்தவை என்பதால் கீபோர்டும் கீலும் உறுதியாக இருக்கும். இவற்றில் 8-ஆம் தலைமுறை இன்டெல் சிப் உள்ளதையே எடுங்கள், விண்டோஸ் 11 முறைப்படி ஓடுவது அதிலிருந்துதான். சில மாடல்களில் 7-ஆம் தலைமுறையும் கலந்திருக்கும், ஐ5-8 என்று எண் தொடங்குகிறதா பாருங்கள்.

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையில் போனால் கடைக்காரரும் நிதானமாகப் பேசுவார். பணம் கொடுக்கும் முன் அங்கேயே உட்கார்ந்து இவற்றைச் செய்யுங்கள். பாதி மணி நேரம் ஆகும். ‘அவசரப்படுத்தாதீர்கள் தம்பி’ என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், கடைப் பையனுக்குத் தெரியும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான காசைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நோட்பேடில் எல்லா எழுத்துகளையும் ஒரு முறை தட்டுங்கள். கேமரா, மைக் இரண்டும் உங்கள் பிழைப்புக்கு முக்கியம். ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சில லேப்டாப்கள் பழைய கம்பெனியின் நிர்வாகக் கணக்கில் இன்னும் பூட்டப்பட்டிருக்கும். இப்போது நன்றாக ஓடும். ஒரு நாள் விண்டோஸைத் துடைத்துவிட்டு மறுபடி போடும்போது ‘கம்பெனி மின்னஞ்சலைக் கொடு’ என்று நிற்கும், அதற்கு மேல் நகராது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பாஸ்வேர்டும் அப்படித்தான். அதனால் உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, புதுக் கணக்கில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: என் லேப்டாப் 2017-இல் வாங்கியது, ஐ5 7-ஆம் தலைமுறை. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, தூக்கிப் போடு என்கிறார் மெக்கானிக். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது உண்மை. விண்டோஸ் 11-இன் பட்டியலில் உங்கள் சிப் இல்லை என்பதும் உண்மை. ஆனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும், காசு கிடையாது. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ் டைப்பிங் எல்லாம் அதில் உண்டு. உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றுங்கள், அது தீ அபாயம்.

கேள்வி: மளிகைக் கடைக்கு டேலியும் பில்லிங்கும் வேண்டும். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? (வாசகர், விருதுநகர்)

பதில்: டெஸ்க்டாப். கடையில் மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும், லேப்டாப்பின் சின்ன ஃபேன் அதைத் தாங்காது. ஒரு கீபோர்டு போனால் சில நூறு ரூபாயில் மாற்றலாம். ஐ3 அல்லது அதற்கு இணையான சிப், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். அசெம்பிள் செய்வதென்றால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். ஒரு நாள் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரன்டி தனித்தனி, அதனால் பெட்டிகளையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். கரண்ட் போகும்போது பில் பாதியில் நிற்காமலிருக்க 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று கட்டாயம். தினமும் கடையைச் சாத்தும் முன் டேலி டேட்டாவை ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ‘ஏ.ஐ. பி.சி.’ என்று ஒட்டியிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: ஏ.ஐ. வேலைகளைக் கணினிக்குள்ளேயே செய்யத் தனிப் பகுதி உள்ள சிப் என்பதுதான் அந்த ஸ்டிக்கரின் பொருள். இப்போதைக்கு அதற்கென்று தனியாகக் கொடுக்க வேண்டாம். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றின் வேலை இணையத்துக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, உங்கள் பழைய லேப்டாப்பிலும் அப்படியே வரும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்பில் 12-ஆம் நாள் திரையில் கோடு விழுந்தது. விற்றவர் ‘திருப்பித் தரும் காலம் முடிந்தது’ என்கிறார். சர்வீஸ் சென்டரில் ‘நீங்கள் அழுத்தியதால் வந்தது, வாரன்டி இல்லை’ என்கிறார்கள். நான் எதுவுமே செய்யவில்லை. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ‘நீங்கள் அழுத்தினீர்கள்’ என்று அவர்கள் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் ஷீட்டில் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். திரையில் வெளிக்காயம் இல்லை என்பது தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுங்கள். கம்பெனிக்கும் விற்றவருக்கும் மின்னஞ்சலில் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விற்றவர் பெங்களூருவில் இருந்தாலும் அவர்தான் திருநெல்வேலிக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் நீங்களே பதியலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பரிசோதித்துத்தான் குறையைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவரை வெளியில் யாரிடமும் திரையைக் கழற்றிப் பார்க்கக் கொடுக்காதீர்கள். படம் எடுக்கும்போது லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லும் ஒரே படத்தில் தெரியட்டும்.