‘ஃபைன்’: நல்லதா, தண்டமா?

அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லுங்கள், அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்போம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் ஒரே சொல்லை அனுப்பியிருக்கிறீர்கள்: ஃபைன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு வேறெதைக் கேட்பீர்கள்!

தெம்பனிஸ் வாசகி: ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால் நலம். ‘ஃபைன் 500 வெள்ளி’ என்றால் அபராதம். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. சொல் ஒன்றா, இரண்டா?

பதில்: அகராதிகள் இரண்டு சொல்லாகத்தான் பிரித்துப் போடும். ஆனால் பாட்டி ஒருத்திதான். லத்தீனில் ‘ஃபினிஸ்’, பொருள் முடிவு, எல்லை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டு கிளையாகிவிட்டது. ‘இதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்ற எல்லையைத் தொட்டது உயர்ந்த பொருள். அது நல்ல ஃபைன். மற்றது வழக்காடும் பக்கம் போனது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு வழக்கைப் பேசி முடிப்பதற்கே ஃபைன் என்று பெயர். முடித்துக்கொள்ளக் கொடுத்த பணத்துக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

நம்முடைய ‘தீர்’ என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிசி தீர்ந்தால் முடிந்தது. வழக்கு தீர்ந்தால் தீர்ப்பு. சிக்கல் தீர்ந்தால் தீர்வு. அரசுக்குக் கட்டுவது தீர்வை. கடனைத் ‘தீர்க்கிறோம்’. அங்கேயும் ஃபினிஸ்தான் ஃபைன் ஆனது, ஃபைனான்ஸ் ஆனது. ஒன்றையொன்று பார்த்தறியாத இரண்டு மொழிகள், முடிவு என்ற சொல்லிலிருந்து கிளம்பிக் கஜானா வாசலில் வந்து நிற்கின்றன. இத்தனை வருட மொழிபெயர்ப்பு வேலையில் எனக்கு இதைவிடப் பிடித்த பொருத்தம் இல்லை.

பொங்கோல் வாசகர்: மகள் பியானோ பழகுகிறாள். இசைத்தாளின் நடுவில் ‘ஃபைன்’ என்று இருக்கிறது. டீச்சர் பாராட்டி எழுதியது என்கிறாள்.

பதில்: அச்சிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இத்தாலியச் சொல், ‘ஃபீனே’ என்று படிக்க வேண்டும். முடிவு என்று பொருள். தாளின் கடைசிவரை வாசித்து, முதலுக்குத் திரும்பிப் போய், மறுபடி இந்த இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். அதே பாட்டியின் இன்னொரு பேத்தி. மகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஜூரோங், லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர்: எனக்கு வந்த கடிதத்தில் ஃபைன் என்ற சொல்லே இல்லை. ‘காம்பொசிஷன்’ என்று போட்டுத் தொகை இருக்கிறது. மகனிடம் காட்டினேன். ‘கட்டுரை எழுதச் சொல்றாங்கப்பா’ என்கிறான்.

பதில்: சிரித்துவிட்டேன் அண்ணே, மன்னிக்க வேண்டும். வாராவாரம் ‘காம்போ’ எழுதும் பிள்ளை வேறென்ன சொல்வான்? இங்கே காம்பொசிஷன் என்றால் சமரசத் தொகை. குற்றத்தை நீதிமன்றம் வரை இழுக்காமல், இந்தத் தொகையைக் கட்டினால் விஷயம் இத்தோடு முடிந்தது என்று அதிகாரிகள் கொடுக்கும் வாய்ப்பு. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி விதிப்பதுதான், கறாராகப் பார்த்தால், ஃபைன். பேச்சில் நாம் இரண்டையும் அபராதம் என்றே சொல்கிறோம். ஆனால் கையில் கடிதம் இருக்கும்போது வேறுபாடு முக்கியம். கடைசித் தேதியைப் பாருங்கள். அதைத் தவறவிட்டால் வழக்காக மாறலாம்.

பெனால்டி இன்னும் அகலமான சொல். பந்தாட்டத்திலும் உண்டு, ஒப்பந்தம் மீறினாலும் உண்டு, சிறையும் அதற்குள் அடங்கும். ஃபைன் என்றால் பணம் மட்டும்தான்.

இன்னொன்று, அபராதச் சீட்டு வந்துவிட்டால் ‘சமன்’ வாங்கிவிட்டேன் என்று இங்கே எல்லா இனத்தவரும் சொல்வார்கள். ஆங்கிலச் ‘சம்மன்ஸ்’ மலாய் வாயில் அப்படி ஆனது. நான் ஊரிலிருந்து வந்த புதிதில், காரில் அதை எடுத்துக் காட்டி நொந்துகொண்ட நண்பரிடம் ‘என்ன சாமான், என்ன விலை?’ என்று கேட்டு முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

தோ பாயோ, தொடக்கநிலை ஐந்து மாணவனின் தாய்: சித்தி செய்த கேக்கைப் பாராட்டி ‘தி கேக் வாஸ் ஃபைன்’ என்று எழுதினான். ஆசிரியர் வட்டமிட்டு வேறு சொல் போடச் சொல்லியிருக்கிறார். அகராதியில் ஃபைன் என்றால் உயர்தரம் என்றுதானே இருக்கிறது?

பதில்: அகராதியும் சரி, ஆசிரியரும் சரி. சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெயருக்கு முன்னால் வந்தால், ‘எ ஃபைன் கேக்’, மதிப்பு ஏறும்: அருமையான கேக். பின்னால் வந்தால், ‘தி கேக் வாஸ் ஃபைன்’, இறங்கிவிடும்: குறை சொல்ல ஒன்றுமில்லை, சாப்பிடலாம். சித்தி காதில் விழுந்தால் அடுத்த பிறந்தநாளுக்குக் கடைக் கேக்தான். ‘டெலிஷஸ்’ என்று போடச் சொல்லுங்கள்.

முன்னால் வந்தாலும் குத்தலாக வரும் இடம் உண்டு. ‘எ ஃபைன் மெஸ்’ என்றால் அருமையான குளறுபடி இல்லை. ‘நல்ல வேலை பண்ணி வச்சே, போ!’ என்று அம்மா சொல்வாரே, அந்த ‘நல்ல’.

தனியாக ஒரே சொல்லாக ‘ஃபைன்.’ என்று குறுஞ்செய்தி வந்தால்? ‘சரி, உன் இஷ்டம்’. போனை வைத்துவிட்டு நேரில் போங்கள்.

ஈசூன் வாசகி: தேக்காவில் மாவு வாங்கும்போது ஃபைன் என்கிறார்கள். அது நைஸா?

பதில்: அதேதான். நாம் ஆங்கிலச் சொல்லை விட்டு ஆங்கிலச் சொல்லைப் பிடித்திருக்கிறோம், பாருங்கள். ‘நைஸா அரை’ என்றால் எந்த ஆங்கிலேயனுக்கும் விளங்காது. எதிர்ச்சொல் ‘கோர்ஸ்’, நம் கொரகொரப்பு. ஃபைனுக்குப் பதில் ‘தின்’ (மெல்லிய) என்று போட முடியாது, அது தடிமனைச் சொல்லும் சொல். மாவுக்கும் மணலுக்கும் ஆகாது.

சிராங்கூன் சாலையில் நகை வாங்கிய வாசகர்: 916 என்பதும் ‘ஃபைன்னெஸ்’ என்பதும் ஒன்றா?

பதில்: ஃபைன்னெஸ் என்றால் மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 999 என்றால் ‘ஃபைன் கோல்ட்’, சொக்கத் தங்கம்.

உட்லண்ட்ஸ் மாணவர்: எம்ஆர்டி ரயில் பலகையில் புகைக்கு 1,000, தின்றால் குடித்தால் 500, தீப்பற்றும் பொருளுக்கு 5,000 வெள்ளி. வாடை தூக்கும் டுரியான் பழத்துக்கு மட்டும் தொகையே இல்லையே?

பதில்: இது மொழிக் கேள்வி இல்லை தம்பி. ஆனாலும் பையோடு ஏறிப் பார்க்க வேண்டாம். தொகை இல்லாவிட்டாலும் தடை தடைதான்.

பிடோக் வாசகி: பலதுறை மருந்தகத்துக்கு மாமியாரைக் கூட்டிப் போனேன். டாக்டர் ‘ஹவ் ஆர் யூ’ என்றதும் ‘ஃபைன், ஃபைன்’ என்றார். வெளியே வந்து முழங்கால் வலி உயிர் போகிறது என்கிறார்.

பதில்: அவர் ‘பரவாயில்லை’யை மொழிபெயர்த்திருக்கிறார். பரவாயில்லை என்றால் நன்றாக இருக்கிறது, சுமார், முன்னைக்குத் தேவலை, எனக்காகச் சிரமப்படாதீர்கள் என்று நான்கும் ஆகும். டாக்டர் காதில் விழுவது ‘நோய் இல்லை’ என்பது ஒன்றுதான். அடுத்த முறை உள்ளே நுழையும் முன்பே ‘நீ பெயின்’ என்று ஒரு தாளில் எழுதி மாமி கையில் கொடுத்துவிடுங்கள். ‘நீ’ முழங்கால்.