எல்லை தாண்டி ஓடும் ஆற்றை நாடுகள் சேர்ந்து நிர்வகித்தால், மாறிவரும் காலநிலையில் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்க முடியுமா?

வெள்ளம் நிற்காது. ஆனால் உயிரும் பயிரும் தப்பும். எங்கள் களனி, இலங்கை என்ற ஒரே நாட்டுக்குள் ஓடும் ஆறுதான். இருந்தும் இதை எனக்குப் புரியவைத்தது அதுதான்.

2016 மே மாதம் களனியின் கீழ்ப்பகுதியில், கொழும்பை அடுத்த கொலன்னாவையில் வாடகைக்கு இருந்தோம். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள யட்டியாந்தோட்டையிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். "இங்கே ஆறு கரை தெரியாமல் போகிறது. பிள்ளைகளை இன்றே மேட்டுக்கு அனுப்பிவிடு" என்றார். எங்கள் ஒழுங்கையில் அப்போது கணுக்கால் அளவுக்குத்தான் மழைநீர். பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் சான்றிதழ்களையும் அக்கா வீட்டு மாடிக்கு அனுப்பினோம். மறுநாள் விடிகாலை, வாசலில் தண்ணீர் ஏறும் முன்பே குளியலறைத் துளை வழியாகக் கறுப்பாகக் கொப்பளித்து வந்தது. தமிழில் எச்சரிக்கை எங்களுக்குக் கிடைத்தது அதற்கும் பிறகு.

மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே குடும்பம்போல நடந்துகொண்டதற்கு நான் சொல்லும் உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. கடும் வறட்சி வாட்டிய காலத்தில், 1972இல், மாலி, மொரித்தேனியா, செனகல் மூன்றும் ஒரே அமைப்பாகச் சேர்ந்தன. மனந்தாலி அணை மாலி மண்ணில் நின்றாலும் மூன்று நாடுகளுக்கும் பொதுச் சொத்து. அதன் மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மொரித்தேனியாவுக்கு 15. முகத்துவாரத்துக்கு அருகே தியாமா அணை கடல்நீரை மறிக்கிறது. குடிநீர் எடுக்கும் அம்பத்தலைக்கு உப்புநீர் ஏறிவிடாமல் களனியில் மணல் மூட்டை அடுக்கியதை அறிந்த கொழும்புக்காரருக்கு அதன் அருமை தெரியும்.

குறையும் பெரிதுதான். தேங்கிய நன்னீரில் நத்தைகள் பெருகி, அவை பரப்பும் ஒட்டுண்ணி நோய் கரையோரக் கிராமங்களைப் பீடித்தது. வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் விதைத்துப் பிழைத்தவர்களுக்கு அந்த வெள்ளமே குறைந்துபோனது. கூட்டு நிர்வாகம் என்றால் அரசுகள் மட்டும் கூடிப் பேசுவது போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆற்று ஒப்பந்தம் என்றால் நான் முதலில் பார்ப்பது, மேலே இருப்பவர் அன்றன்றே நீர்மட்டம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாரா என்பதைத்தான். மீகாங் ஆற்றுக்கு 1995இல் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நான்கும் ஆணைக்குழு அமைத்தன. மேலே அணைகளைக் கட்டியிருக்கும் சீனா அதில் உறுப்பினர் அல்ல. பல ஆண்டுகள் வெள்ளக் காலத்து நீர்மட்டக் கணக்கை மட்டும் கொடுத்துவந்தது. ஆண்டு முழுவதும் கொடுக்க 2020இல்தான் இணங்கியது. கோடையில் வயலில் உப்பேறித் தவிக்கும் வியட்நாம் கழிமுகத்து விவசாயிக்கு வேண்டியது அந்தக் கோடைக் கணக்குத்தானே?