அடிப்படைத் தேவையே நிறைவேறாதவர்களுக்கு வாழ்க்கையில் முன்னேறும் ஊக்கம் இருக்குமா?

இருக்கும். ஆனால் அது முழுக்க வேறு இடத்தில் செலவாகிக்கொண்டிருக்கும்.

சோறு, தண்ணீர் அடித்தட்டிலும் மற்றத் தேவைகள் அதற்கு மேலே தட்டுத் தட்டாகவும் இருக்கும் படம், அதாவது அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடைக் காட்டி, கீழ்த்தட்டு நிரம்பாமல் மேலே போகவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 1943-இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு எதுவும் கிடையாது, அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஒரு தேவை முழுசாகத் தீர்ந்த பிறகுதான் அடுத்தது தலைகாட்டும் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே அவர் மறுத்திருக்கிறார். அதனால் அந்தப் படத்தை விட்டுவிடுவோம்.

பசித்தவனின் மனசு எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் நடத்திய சோதனையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள், ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு, பெரும்பாலும் உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி இப்படி. ஆளுக்குக் கால்வாசி எடை குறைந்தது. கல்லூரி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குப் படிப்பில் பிடிப்பு போனது, பெண்கள் மேல் இருந்த ஆசையும் போனது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம் ஊரில் சொல்வது அப்படியே நடந்தது. ஆனால் இந்த ஆட்கள் சும்மா சுருண்டு படுத்துவிடவில்லை. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து, கதைப் புத்தகம் மாதிரி மணிக்கணக்கில் படித்தார்கள். தட்டில் இருப்பதைத் தண்ணீர் விட்டுப் பெருக்கி, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இழுத்தடித்து, கடைசியில் தட்டை நக்கினார்கள். ஊக்கம் இல்லாதவன் செய்கிற வேலையா இது? அத்தனை கவனமும் ஒரே பொருளின் மேல் போய்க் குவிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று நம்ம பக்கம் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரக் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு, 2013-இல் வெளிவந்தது. கரும்புக்காரருக்குக் கையில் காசு வருவது வெட்டு முடிந்த பிறகுதான், அதற்கு முந்தைய மாதங்கள் கடனும் அடகுமாக ஓடும். அதே ஆளுக்கு வெட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று யோசிக்கும் திறனைச் சோதிக்கும் புதிர்களைக் கொடுத்தபோது, முன்னால் செய்ததைவிடப் பின்னால் நன்றாகச் செய்தார்.

எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. என் பெரியப்பா கரும்பு போட்டவர். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருகிறவரைக்கும் அவரிடம் எதைக் கேட்டாலும் ரெண்டு தடவை கேட்க வேண்டும். அக்கா கல்லூரி விண்ணப்பத்தை நீட்டினால் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார், கண் அடகுச் சீட்டில் இருக்கும், எந்த நகையை முதலில் மீட்பது, எதற்கு வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிப்பது என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பொண்ணு படிப்பில் அக்கறை இல்லாத மனுஷன் என்று ஊரில் பேசினார்கள். பணம் கைக்கு வந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு நாலு கல்லூரி ஏறி இறங்கினவரும் அவர்தான்.

'பசியோடு படித்து ஐஏஎஸ் ஆனவர்கள் இல்லையா' என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். இருக்கிறார்கள். அதே பசியோடு உட்கார்ந்து படித்து, ஆகாமல் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

சோறு மட்டும்தான் தேவை என்றும் நினைக்க வேண்டாம். தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் குறைந்த வருமானக்காரர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சத்தம், கொசு, புழுக்கம் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே. இதில் வேடிக்கை, இரவில் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்க வழி செய்தும் வேலைத்திறன் பெரிதாக மாறவில்லை, ஆய்வுக்காக அவர்கள் டேட்டா என்ட்ரி வேலை செய்த இடத்திலேயே மதியம் கொஞ்சம் கண்ணயர விட்டபோது மாறியது. எந்த முதலாளி அதற்கு ஒத்துக்கொள்வார் என்பது தனிக் கேள்வி.